மூடிய ஓடையைத் திறந்த ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஊர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய வருகிறது, ஆனால் எல்லாமே நியூயார்க், லண்டன் மாதிரி ஊர்கள். வேலூர்க்காரனுக்கு உபயோகப்படுகிற ஊர் அமெரிக்காவில் ஒன்று உண்டு. அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் டுபியூக். மக்கள்தொகை சுமார் 60,000, அதாவது நம் ஊரில் பாதிகூட இல்லை. ஈயச் சுரங்கத்தால் பிறந்த ஊர். 1788-இல் ஜூலியன் டுபியூக் என்ற கனடாக்காரர் அங்கிருந்த மெஸ்க்வாகி பழங்குடியினரிடம் அனுமதி வாங்கி ஈயம் தோண்ட ஆரம்பித்தார். ஊர் பாதி மேட்டில், பாதி பள்ளத்தில். மேட்டில் வீடு வைத்திருந்த ஒரு பேங்க் முதலாளி, மதியச் சாப்பாட்டுக்கும் குட்டித் தூக்கத்துக்கும் சுற்றிப்போக முடியாமல் 1882-இல் தனக்கென்று ஒரு இழுவை ரயிலே போட்டுக்கொண்டார், அது இன்னும் ஓடுகிறது! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1965-இல் மிசிசிப்பி பொங்கி ஊருக்குள் வந்தது. 1973-க்குள் பெரிய வெள்ளச்சுவர் கட்டி ஆற்றைத் தடுத்துவிட்டார்கள். ஆனாலும் பள்ளத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவது நிற்கவில்லை, ஏனென்றால் அது ஆற்றுத் தண்ணீரே இல்லை, மேட்டில் பெய்கிற மழைத் தண்ணீர். அது போகவேண்டிய பி-பிராஞ்ச் ஓடையை நூறு வருஷத்துக்கு முன்பே பாதாளக் குழாயில் அடைத்து மேலே வீடும் தெருவும் போட்டிருந்தார்கள். 2011 ஜூலையில் ஒரே ராத்திரியில் 10 அங்குலத்துக்கு மேல் கொட்டியது, குழாய் எந்த மூலைக்கு?

அதைவிடப் பெரிய குழாய் போடலாம் என்று விட்டிருக்கலாம். அவர்கள் செய்தது, வழியில் இருந்த வீடுகளை விலை கொடுத்து வாங்கி இடித்துவிட்டு, ஓடையைத் திறந்து, அகலப்படுத்தி, கரையில் மரம் வைத்து நடைபாதை போட்டது. சந்துகளில்கூடத் தண்ணீர் உள்ளே இறங்குகிற மாதிரி கல் பதித்தார்கள். மேல்பகுதி ஓடை 2017-இல்தான் திறந்தது. ஒரு தேர்தலுக்குள் முடிகிற வேலை இல்லை.

இப்போது நம் நிக்கல்சன் கால்வாய்க்கு வாருங்கள். பெரிய மழை என்றாலே கன்சால்பேட்டையில் கட்டில்மேல் சாமான் ஏற்றுகிறார்கள். நாமோ ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் பொக்லைன் விட்டுத் தூர்வாருவதோடு சரி, அள்ளிய சேறு கரையிலேயே கிடந்து அடுத்த மழையில் திரும்ப உள்ளே போகிறது. ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு என்று கரையோரத்து ஏழைகளைத் திட்டுவது சுலபம். அந்த வீடுகளுக்கு கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்ததும் வரி வாங்கியதும் யார்? டுபியூக்கில் வீட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் எழுப்பினார்கள். இங்கே நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ஊருக்கு வெளியே எங்கோ ஒரு குடியிருப்பைக் காட்டுகிறோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று கேட்பாரில்லை. அமெரிக்காவிடம் பணம் இருக்கிறது என்பீர்கள், உண்மைதான். ஆனால் கால்வாய்மேல் கான்கிரீட் மூடி போடவும்தானே பணம் செலவாகிறது?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர் ஒருவர் நிக்கல்சன் கால்வாயை ஆரம்பம் முதல் கடைசி வரை நடந்து, வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதன் அகலம் எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று இடம் இடமாக அளந்து, ஐப்பசிக்கு முன்னால் படத்தோடு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.