வடலூரில் எங்களோடு சேர்ந்து வேண்டிய அம்மையாருக்கு நன்றி

தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையில் சோதி தரிசனத்துக்குக் காத்திருந்தபோது, என் தாயாரின் அருகில் அமர்ந்து அவருடைய துயரைக் கேட்டு, அவரோடு சேர்ந்து வேண்டிக்கொண்ட, பெயர் அறியாத முதிய அம்மையாருக்கு, கடலூரில் வாழும் எங்கள் ஈழத்துக் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது காணாமற்போன என் தம்பியின் பெயரை, சொன்னால் அவன் இறந்தவனாகிவிடுவானோ என்ற அச்சத்தால், அம்மா எந்த வழிபாட்டிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த அம்மையார் பெயரை மட்டும் கேட்டார். பிறகு அவனுக்காகவும், அந்தக் கடற்கரையில் மாண்ட அனைவருக்காகவும், ஆயுதம் ஏந்தியவர் நெஞ்சில் இரக்கம் பிறக்கவும் அருட்பெருஞ்ஜோதி மந்திரத்தை மெல்ல ஓதினார். கொன்றவர்களுக்காக வேண்டுவதை என்னால் இன்றும் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஆயினும் அம்மா அன்றுதான் மனம்விட்டு அழுதார்.

பின்னர் எங்களைத் தருமசாலைக்கு அழைத்துச் சென்று, 1867இல் வள்ளலார் மூட்டி இன்றும் அணையாமல் எரியும் அடுப்பைக் காட்டி, பசியாறச் செய்தார். அதன்பின் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

அம்மையாரே, இப்போது அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் தம்பியின் பெயரைச் சொல்லி வேண்டுகிறார். தங்கள் நலனுக்காகவும் வேண்டுகிறார்.