மான் வேட்டை விடுமுறையில் ஒரு கடிதம்

வடக்கு பென்சில்வேனியா
1 டிசம்பர் 2025, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், அவர், கவின் மூவரும் நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் மூட்டு வலி எப்படி இருக்கிறது? தம்பி வாங்கித் தந்த காது மெஷினை நீங்கள் பீரோவிலேயே வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். போன ஞாயிறு, "ஒங்க பள்ளிக்கூடத்துக்கு யாரு சம்பளம் போடுறா?" என்று கேட்டீர்கள். நான் நாலு தடவை "டாக்ஸ்" என்று கத்தினேன். "டாக்ஸியா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். எழுதினால் நீங்கள் சிவப்பு மையில் பிழை திருத்தியாவது முழுக்கப் படிப்பீர்கள்.

இன்று எனக்கு லீவு. எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள், மான் வேட்டைக்கு. நன்றி தெரிவிக்கும் திருநாள் முடிந்த சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கிவிடும். அடுத்த திங்கள் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் கதவே திறக்காது. திறந்தாலும் பையன்கள் வரமாட்டார்கள், வாத்தியார்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், பஸ் ஓட்டுகிறவர் நிச்சயம் வரமாட்டார். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஊரே காட்டுக்குள் இருக்கிறது. வெளியே பனி. நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பது நம் புதுக்கோட்டை மாவட்டம் மாதிரிப் பெரியதில்லை. நாலைந்து சிற்றூர் சேர்ந்தால் ஒன்று. தமிழ்நாடு முழுக்க 38 மாவட்டம், இந்த ஒரு மாநிலத்தில் பள்ளி மாவட்டம் மட்டும் 500. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒன்பது பேர் கொண்ட குழு உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வரி போடுவது, வாத்தியாரை நியமிப்பது எல்லாம் அவர்கள்தான். எங்கள் மாவட்டத்தில் பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை மொத்தமே அறுநூறு பிள்ளைகள். நீங்கள் ஓய்வுபெறும்போது உங்கள் ஒரு பள்ளியிலேயே அவ்வளவு பேர் இருந்தார்கள், இல்லையா?

சம்பளத்துக்கு மாநிலம் கொஞ்சம் தரும், மத்திய அரசு இன்னும் கொஞ்சம் தரும். மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பெரும்பங்கு ஊர்க்காரர்களின் வீட்டு வரி, நில வரியிலிருந்து வருகிறது. அதை 'மில்' கணக்கில் போடுவார்கள். ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் வரி என்றால் ஒரு மில். கணக்கு வாத்தியாரான உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள பணக்காரப் புறநகரில் ஒரு மில் ஏற்றினால் ஒரு புதுக் கட்டடத்துக்கே தொடக்கம் போட்டுவிடலாம். எங்கள் ஊரில் அதே ஒரு மில்லில் ஒரு வாத்தியார் சம்பளம்கூடத் தேறாது. அதனால் இல்லாதவர்களின் ஊரில்தான் வரி விகிதம் கூடுதல். முதல் மாதம் இந்தக் கணக்கைப் பார்த்தபோது எங்கேயோ தப்பாகக் கூட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று. எங்களைச் சுற்றி இருப்பதெல்லாம் காடு, அதில் பெரும்பகுதி அரசுக் காடு. அரசு தனக்குத்தானே வரி கட்டாது. அதற்குப் பதில் மாநில வனத்துறை ஏக்கருக்கு வருஷத்துக்கு இரண்டு டாலர் பள்ளி மாவட்டத்துக்குத் தருகிறது. ஒரு காபியின் விலைகூட இல்லை. நம்மூரில் புறம்போக்கைக் காட்டி, "இதுக்கு மட்டும் கிஸ்தி இருந்தா நம்ம ஸ்கூலுக்கு மாடியே கட்டலாம்டி" என்பீர்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

என் வேலை பிசினஸ் ஆபீஸில் கணக்கு எழுதுவது. ஆபீஸ் என்றால் மூன்று பேர். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் நம்மூர் மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) மாதிரி பதவி, ஆனால் காலையில் பஸ் வரிசையில் நின்று பிள்ளைகளை இறக்கிவிடுவார், டிரைவர் வராத நாளில் வேறு ஆளைத் தேடி அலைவார், மதியம் மானிய விண்ணப்பம் எழுதுவார். பெரிய மாவட்டத்தில் விண்ணப்பம் எழுதவே ஒரு தனிப் பிரிவு இருக்கும். எங்களுக்கு அவரும் நானும்தான்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது மாதாமாதம் வரும் ஒரு பில். 'சைபர் சார்ட்டர்' என்று கணினி வழியாகவே நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளை அதில் சேர்ந்தால் அதன் கட்டணத்தை நாங்கள் கட்டவேண்டும். ஒரு பிள்ளை போவதால் பஸ்ஸுக்கு டீசல் குறைகிறதா? கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்குச் செலவு குறைகிறதா? மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை, ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை என்று போனால் எந்த வாத்தியாரை நிறுத்துவது? இந்தக் கட்டண முறையை மாற்றச் சொல்லி மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிக்குழுக்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன. அந்தப் பள்ளியில் சேர்வதற்கும் சில பிள்ளைகளுக்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நோய்வாய்ப்பட்டு அப்படித்தான் படித்தாள். சண்டை பிள்ளையோடு இல்லை, பில்லோடு.

இப்போது உங்களுக்குக் கோபம் வரப்போகிற கதை. சிற்றூர்ப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. பென்சில்வேனியா கிராமப்புற, சிறு பள்ளிகள் சங்கம் என்று சொல்லலாம். 1991-லேயே அது மாநிலத்தின்மேல் வழக்குப் போட்டது. 'முழுமையான, செம்மையான' பொதுக்கல்வி முறையை நடத்தவேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்தில் இருக்கிறது, இதுவா செம்மை என்று கேட்டது. இது சட்டமன்றத்தின் விஷயம் என்று நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொண்டன. 1999-ல் மாநில உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மறுபடி 2014-ல் ஆறு பள்ளி மாவட்டங்களும் சில பெற்றோரும் இந்தச் சங்கமும் ஒரு கறுப்பின உரிமை அமைப்பும் சேர்ந்து போனார்கள். ஆறில் பாந்தர் வேலி, ஷெனன்டோவா வேலி இரண்டும் பழைய நிலக்கரி ஊர்கள். வழக்கை விசாரிக்கலாமா கூடாதா என்று முடிவாகவே 2017 ஆனது. விசாரணை தொடங்கியது 2021 நவம்பரில்.

அந்த விசாரணையில் எங்கள் பக்கத்து ஆட்டோ-எல்ட்ரெட் மாவட்டத்தின் சூப்பரின்டெண்டென்ட் சாட்சி சொன்னார். சட்டமன்றத் தலைவர் ஒருவர் தரப்பு வக்கீல் அவரைப் பார்த்து, தச்சனுக்கு உயிரியல் எதற்கு, மெக்டொனால்ட்ஸில் வேலைக்குப் போகிறவனுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று கேட்டார். பீட்சா மாவு வீசத் தெரிந்தவர்களும் மாநிலத்துக்குத் தேவைதானே என்றார். கோர்ட்டில், எல்லாரும் கேட்க. இதைப் படித்ததும் எனக்கு ஆசாரி வீட்டுச் செல்வம் ஞாபகம் வந்தான். இயற்கணிதத்தில் அவனை முந்த எங்கள் வகுப்பில் ஆள் இல்லை. அவன் அப்பா உளி பிடிக்கக் கூட்டிப்போக வந்தபோது நீங்கள் வாசலில் வழிமறித்து நின்றீர்களே. இங்கே வழிமறித்தது ஒரு நீதிபதி. ரெனே கோன் ஜூபிலிரர் என்று பெயர். 2023 பிப்ரவரி 7-ல் 786 பக்கத் தீர்ப்பு எழுதினார். கல்வி அடிப்படை உரிமை, பணம் பிரிக்கும் இந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடுமா? நீங்கள் நாற்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா! ஒரு குழு போட்டார்கள். ஆண்டுக்கு 540 கோடி டாலர் பற்றாக்குறை என்று 2024 ஜனவரியில் அது கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஏறத்தாழ 50 கோடி முதல் தவணையாக வந்தது. மீதி ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்டு வாங்கவேண்டியது.

இந்த வருஷம் பட்ஜெட்டே நேரத்துக்கு வரவில்லை. ஜூன் 30-க்குள் நிறைவேறியிருக்க வேண்டும். ஆளுநர் கையெழுத்துப் போட்டது நவம்பர் 12. நடுவில் நாலு மாதத்துக்கு மேல் மாநிலப் பணம் நின்றது. நாங்கள் காகிதம் வாங்குவதை நிறுத்தினோம், காலியான ஒரு இடத்தை நிரப்பாமல் வைத்தோம், வங்கியில் கடன் பேசினோம். நம்மூரில் மத்திய அரசின் சமக்ர சிக்ஷா கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி ரூபாய் நின்றதைப் பற்றி நீங்கள் புலம்பியபோது, "இங்கேயும் அதே கதைதான்ப்பா" என்று நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை.

அப்போதுதான், செப்டம்பரில், மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் போனோம். சூப்பரின்டெண்டென்ட், பால்பண்ணை வைத்திருக்கும் குழு உறுப்பினர் ஒருவர், கணக்கைக் கையில் வைத்திருந்ததால் நான். காரில் நாலு மணி நேரம். பண்ணைக்காரர் மூன்று மணிக்கே எழுந்து பால் கறந்துவிட்டு வந்திருந்தார், வழியெல்லாம் தூங்கினார். சட்டமன்றக் கட்டடம் பச்சை ஓட்டுக் குவிமாடத்தோடு கோயில் மாதிரி இருக்கிறது. கீழவையில் 203 பேர், மேலவையில் 50 பேர். எங்கள் ஓட்டையெல்லாம் கூட்டினாலும் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு தெருவுக்கு ஈடாகாது. அதனால்தான் சிறு மாவட்டங்கள் தனியாகப் போவதில்லை. அன்று நடைவழியில் எங்களைப் போல ஏழெட்டு ஊர்க்காரர்கள். எல்லார் கையிலும் ஒரே கோரிக்கைத் தாள், ஊர்ப் பெயரும் எண்களும் மட்டும் வேறு.

எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். சட்டமன்ற உறுப்பினர் வாக்கெடுப்புக்குப் போய்விட்டார், அவருடைய உதவியாளர் பையன் குறிப்பு எடுத்துக்கொண்டான். நான் தயாரித்துவைத்திருந்த பன்னிரண்டு பக்கத்தை அவன் புரட்டக்கூட இல்லை. அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த நேரம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, அப்பா. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கேட்டு நீங்கள் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸுக்குப் போவீர்களே. ஒருமுறை என்னையும் கூட்டிப்போனீர்கள். வராந்தாவில் நீங்கள் கைகட்டி நின்றது எனக்குக் கேவலமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது "இனிமே நான் வரமாட்டேன்" என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஒப்புகைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

ஒரு உறுத்தல் இருக்கிறது, உங்களிடம்தான் சொல்லமுடியும். மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும் போன வருஷம் வந்த பணம் குறையாது என்று இங்கே ஒரு ஏற்பாடு பல வருஷமாக இருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவரும் எங்களைப் போன்ற ஊர்களை அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் ரெடிங், ஆலன்டவுன் போன்ற ஊர்களில் வந்தேறிகளின் பிள்ளைகள் பெருகிக்கொண்டே போகிறார்கள், அவர்களுக்கு உரிய பங்கு முழுசாகப் போய்ச் சேருவதில்லை. நானும் வந்தேறிதானே? அந்த ஏற்பாட்டில் கைவைக்காதே என்று எங்கள் தாளில் மூன்றாவது வரியாகத் தட்டச்சு செய்தது நான்தான். மொத்தப் பணத்தைக் கூட்டினால் இருவரும் பிழைக்கலாம் என்கிறார் சூப்பரின்டெண்டென்ட். சரிதான். ஆனாலும் அந்த வரியை அடிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

நவம்பர் பட்ஜெட்டில் அடுத்த தவணையாக 50 கோடிக்கு மேல் வந்திருக்கிறது. சைபர் கட்டணத்திலும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். எங்கள் பங்குக்குக் காலியிடத்தை நிரப்பலாம். கொதிகலன் இன்னும் ஒரு குளிர்காலம் ஓடவேண்டும்.

பிப்ரவரியில் ஆளுநர் அடுத்த பட்ஜெட்டை வாசிப்பார். அதற்குள் மறுபடி போகிறோம். இந்த முறை பன்னிரண்டு பக்கம் இல்லை, ஒரே பக்கம்தான், அதை நானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் உங்கள் மனு நகல்கள் இருக்கும். கழிப்பறைக்கு எழுதியதில் கடைசியாகக் கொடுத்தது, ஏழாவதோ எட்டாவதோ, அதைத் தம்பியை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவை ஏற விடாதீர்கள்.

பண்ணைக்காரர் மான்கறி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு வறுத்துப் பார்க்கப்போகிறேன். அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

அன்பு மகள்,
மல்லிகா