நகத்தில் கல்லை ஒட்ட வேண்டாம், கல்லை வரையலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், ரத்தினக் கற்களின் சாயலில் வீட்டிலேயே நக அலங்காரம் செய்துகொள்வது பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மணப்பெண் அலங்காரம் செய்பவள், நகக்கலை கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடிச் சில்லுகளைப் பசை வைத்து ஒட்டுவதையே ரத்தின நகக்கலை என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். போதாக்குறைக்கு, ஜெல் பூச்சும் புற ஊதா விளக்கும் சேர்ந்த பெட்டியை இணையத்தில் வாங்கிக்கொள்ளுமாறு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பரிந்துரைத்திருக்கிறார். இவை இரண்டுமே வீட்டுக்குத் தேவையில்லை. ஃபேன்சி கடையில் கிடைக்கும் சாதாரண நெயில் பாலிஷ் நான்கைந்து புட்டிகளும், ஒரு கல்லை உற்றுப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

ஒட்டிய கல் தலைமுடியில் மாட்டும், சேலையின் ஜரிகையை இழுக்கும், சப்பாத்திக்கு மாவு பிசையும்போது மாவோடு போய்விடும். அதைவிடக் கவலை தருவது அந்தப் பசை. நகப் பசைகளில் பெரும்பாலானவை, கடைகளில் உடனடிப் பசையாக விற்கப்படும் சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தவை. அது பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பட்டால் சட்டென்று இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்கலாம் என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய யோசனை என்பதால், கட்டுரையில் இதை ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

கல்லை ஒட்டாமல் கல்லின் தோற்றத்தை நகத்தில் கொண்டுவருவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கெம்பு நகையைத்தான். எங்கள் நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பரதநாட்டிய மேடையில் அவற்றைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பின்புறம் மூடிய குழியில் கல் பதிக்கும் பழைய முறையில், கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகடு ஒன்றை வைப்பார்கள். உள்ளே போகும் ஒளி அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி, சிவப்பின் ஊடாக வெளியே வருவதால்தான் கல் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிகிறது. நகத்திலும் இதே வரிசையைப் பின்பற்றலாம். அடிப்பூச்சு காய்ந்ததும் பொன்னிறப் பூச்சு ஒன்றை மெல்லியதாகத் தடவி நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு, நிறமில்லாத பூச்சில் சிவப்பை இரண்டு மூன்று சொட்டு மட்டும் கலந்து, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அந்தக் கலவையை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று முறை பூச வேண்டும். புட்டியிலிருந்து நேரே எடுத்த அடர் சிவப்பை ஒரே பூச்சாகப் பூசினால் கிடைப்பது வெறும் சிவப்பு நகம்தான். ஒளி அதற்குள் நுழையவே இடமில்லை. கடைசியாக நகத்தின் ஓரத்தில் பொன்னிறக் கோடு ஒன்றை இழுத்து, குண்டூசியின் தலையைப் பூச்சில் தொட்டு அந்தக் கோட்டை ஒட்டி வரிசையாகப் புள்ளிகள் வைத்தால், பதிப்பு வேலையின் விளிம்பும் வந்துவிடும். பச்சைக் கெம்புக்கும் இதே முறைதான்.

ஒளி ஊடுருவாத கற்களுக்கு வழி வேறு. மலகைட் என்னும் பச்சைக் கல் செம்பின் கார்பனேட் தாது; நிலத்தடி நீரிலிருந்து அடுக்கடுக்காகப் படிந்து உருவாவதால் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் மாறி மாறி வளையங்களாக அமைகின்றன. அந்த வளையங்கள் ஒருபோதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. அகலமான வெளிர் பட்டைக்குப் பக்கத்திலேயே மயிரிழை போன்ற கரும்பச்சைக் கோடு வரும். அதற்கடுத்து நடுத்தரப் பச்சை வரும். கோடுகளைச் சம இடைவெளியில் இழுத்தால் மலகைட் வராது, தர்பூசணித் தோல்தான் வரும். வெளிர் பச்சை நன்றாகக் காய்ந்த பிறகு, அடர் பச்சையில் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலந்து, குழந்தைகள் வண்ணம் தீட்டும் தட்டைத் தூரிகையின் மயிரை அங்கங்கே வெட்டிக் குறைத்து, அதன் நுனியை மட்டும் நனைத்து, காகிதத்தில் ஒருமுறை துடைத்துவிட்டு வில்போல் வளைத்து இழுக்க வேண்டும். வெட்டிய இடங்களில் மயிர் இல்லாததால் அகலமும் ஒடுக்கமுமான கோடுகள் ஒரே இழுப்பில் தாமாக விழும். வளையங்களின் மையத்தை நகத்தின் நடுவில் வைக்காமல் ஒரு மூலையில் வைப்பது நல்லது.

ரஷ்யாவில் புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் குளிர்கால அரண்மனையில் மலகைட் அறை என்றே ஓர் அறை இருக்கிறது. 1837-இல் அரண்மனை தீப்பற்றி எரிந்த பிறகு அமைக்கப்பட்டது. அங்குள்ள தூண்கள் முழுக் கல்லால் ஆனவை அல்ல. மலகைட்டை மெல்லிய தகடுகளாக அறுத்து, ஒரு தகட்டின் வரி அடுத்ததில் தொடரும்படி பொருத்தி ஒட்டிய மேற்பூச்சுதான் அது. அந்தக் கைவினைஞர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி ஒன்று உண்டு. ஐந்து நகங்களிலும் தனித்தனி வளையங்களைப் போடாமல், விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்து, ஆள்காட்டி விரலில் தொடங்கிய பட்டை நடுவிரலில் தொடருமாறு வரைந்தால், கையே ஒரே கல்லிலிருந்து அறுத்ததுபோல் இருக்கும். என் மாணவிகள் வரைந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வைடூரியத்துக்கு இப்போது காந்தப் பூச்சு வந்திருக்கிறது. உண்மைக் கல்லில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் ஒரே திசையில் இணையாக அமைந்திருப்பதால், குமிழாக இழைத்த கல்லின் குறுக்கே பூனைக்கண் போன்ற ஒளிக்கோடு ஓடுகிறது. பூச்சில் அந்த வேலையை இரும்புத் துகள்கள் செய்கின்றன. ஈரம் காய்வதற்குள் புட்டியோடு வரும் சிறு காந்தத்தை நகத்தில் படாமல் மேலே சில விநாடிகள் பிடித்தால் துகள்கள் வரிசையில் நிற்கும். கல்லுக்கும் பூச்சுக்கும் ஏறக்குறைய ஒரே இயற்பியல் என்பதால், கடைப் புதுமைகளில் நான் மனமுவந்து ஏற்றுக்கொள்வது இது ஒன்றைத்தான். இதிலும் ஜெல் வகை உண்டு. காற்றில் காயும் சாதாரண வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லாசுலிக்கு அடர் நீலத்தின் மேல் கருநீலத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி, வெண்ணிற இழை ஒன்றிரண்டு சேர்த்தால் போதும். அந்தக் கல்லில் மின்னுவது பைரைட் தாதுவின் துணுக்குகள்தான் என்பதால், பொன்துகளை ஓரிடத்தில் கொஞ்சம் தூவினால் போதும். நகம் முழுவதும் தூவிவிட்டால் கல் காணாமல் போய்விடும்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, காத்திருக்கும் நேரம். சாதாரணப் பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்தது. கரைப்பான் ஆவியாகப் போனால்தான் படலம் இறுகும். அவசரப்பட்டு மேற்பூச்சைத் தேய்த்தால், அதிலுள்ள கரைப்பான் கீழே வரைந்த மெல்லிய கோட்டைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். கோடுகள் நன்றாகக் காய்ந்த பிறகு, தூரிகையில் பூச்சைத் தாராளமாக எடுத்து, மயிர் நகத்தை அழுத்தாமல் பூச்சு மட்டும் படும்படி ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். இந்தக் கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை. ஆகவே அடுப்படியிலோ விளக்கேற்றிய பூஜையறைக்குப் பக்கத்திலோ உட்கார்ந்து இதைச் செய்யக் கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும்.

இனி ஜெல் பூச்சு பற்றி. இது காய்வதில்லை, விளக்கின் ஒளியில் அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. விளக்கும் பூச்சும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலோ, பூச்சைத் தடிமனாகப் பூசிவிட்டாலோ, இறுகாமல் எஞ்சும் பகுதி தோலில் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கலாம். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைப்பிலும் மூட்டு மாற்று அறுவையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் பயன்படுவதால், பின்னாளில் அங்கேயும் சிக்கல் வரக்கூடும். 2018-இல் பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் இதுகுறித்துப் பொதுமக்களை எச்சரித்தது; வீட்டில் பயன்படுத்தும் பெட்டிகளையும் அது குறிப்பிட்டது. ஹெமா என்னும் அக்ரிலேட் கலந்த நகப் பொருட்களில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஜெல்லை இறுக வைக்கும் டி.பி.ஓ. என்ற வேதிப்பொருளை அழகுசாதனங்களில் பயன்படுத்த 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையும் வந்துவிட்டது. பயிற்சி பெற்றவர்களே தோலில் படாமல் கவனமாகப் பூச வேண்டிய ஒன்றை, பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்கலாம் என்று எழுதுவது பொறுப்பான செயலாகாது.

இதனால் அலங்காரத்தையே கைவிட வேண்டும் என்பது என் வாதம் அல்ல. சாதாரணப் பூச்சால் வரைந்த கெம்பை ரிமூவரில் நனைத்த பஞ்சால் சில நிமிடங்களில் துடைத்துவிடலாம். பிடிவாதமான ஜெல்லைச் சுரண்டினால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரியும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், உரிந்த நகம் முழுமையாக மாறி வர ஆறு மாதம் ஆகிவிடும். வீட்டில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை இருந்தால், விரல்நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் அளவீட்டை அடர்நிறப் பூச்சு பாதிக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து முன்னதாகவே அழித்துவிட வேண்டும்.

மகளிர் பக்கத்தில் இந்தத் தொடர் வருவதை நான் வரவேற்கிறேன். அடுத்த பகுதியை வெளியிடும்போது, எந்தப் பூச்சு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன். அலங்கரித்த நகத்தின் படத்துக்குப் பக்கத்திலேயே, எந்தக் கல்லைப் பார்த்து அது வரையப்பட்டதோ அந்தக் கல்லின் வண்ணப் படத்தையும், வரிகள் தெரியும் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அழகுக்கலைப் பயிற்றுநர்,
நாகர்கோவில்.