மூடியை நம்பாதே, சண்முகம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் பேனாப் படங்களும் வந்து நாளாகிவிட்டது. இடது கண்ணிலும் புரை எடுத்தார்கள். குனியாதே, படிக்காதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று வீட்டில் ஒரே கெடுபிடி. அதனால்தான் தாமதம். இப்போது தெருமுனையில் வரும் பஸ்ஸின் பலகையைப் படித்துவிடுகிறேன், கிட்டத்தில் பார்க்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கிறது. உன் சின்னவளுக்கு வரன் முடிந்த செய்தி கேட்டு என் வீட்டுக்காரிக்குத்தான் என்னைவிட சந்தோஷம். தேதி குறித்ததும் சொல்.

சரி, பேனா விஷயம். உன் மாமனார் பெட்டியில் இருந்த மூன்று மைப் பேனாக்களும் பார்க்கர் 51 என்ற பேர்போன அமெரிக்கப் பேனா என்று உன் மச்சினன் அடித்துச் சொல்கிறானாம். அவனைக் குறை சொல்ல முடியாது. மூன்றிலும் நிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒளிந்து நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது, மூன்றுக்கும் வெள்ளி நிற மூடி. ஆனால் அந்த உருவத்தைக் காப்பியடித்தவர்கள் ஏராளம். போதாததற்கு பார்க்கரே தன் பேனாவுக்கு மலிவான தம்பி ஒன்றை இறக்கியது.

அந்த உருவம் அழகுக்காக மட்டும் வந்ததில்லை. பார்க்கர் கம்பெனி 1888-இல் தொடங்கியது. அதன் 51-ஆம் ஆண்டான 1939-இல் இந்தப் பேனா உருவானதால் அந்தப் பெயர், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1941-இல். எழுத எழுத உலர்ந்துவிடும் ஒரு மையை அவர்கள் வைத்திருந்தார்கள். அது நிப்பிலேயே காய்ந்துவிடக் கூடாது என்றால் நிப்பை மூடி வைக்க வேண்டும். காரமான மை என்பதால் அந்தக் காலத்து செல்லுலாய்டு பேனாக்களை அரித்துவிடும். அதற்காக உடம்பை லூசைட் என்ற அக்ரிலிக்கில் செய்தார்கள். எண்பது வருஷம் ஆகியும் நல்ல 51 ஒன்று புதிது போலப் பளபளப்பதற்கு அந்த லூசைட்தான் காரணம்.

இனி அடையாளம் பார்ப்பது. மூடியை வைத்து மட்டும் முடிவுக்கு வராதே. 51-இன் மூடியில் மரை கிடையாது, உள்ளே உள்ள ஸ்பிரிங் விரல்கள் உடம்பில் இருக்கும் உலோக வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் மூடியை இன்னொன்றில் செருகுவது ஒரு நொடி வேலை. அடிபட்ட மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தங்கமுலாம் மூடியைப் போட்டு விலையை ஏற்றும் வியாபாரிகளும் உண்டு. மூடியைத் திருகித்தான் கழற்ற வேண்டும் என்றால் அது 2021-இல் பார்க்கர் மறுபடி கொண்டுவந்த புது 51. உன் மாமனார் காலத்தில் அது ஏது!

உன் முதல் படத்தில் இருக்கும் கறுப்புப் பேனாதான் எனக்கு ஆசையைக் கிளப்புகிறது. அதன் வால்பக்கம் ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறதா பார். தெரிந்தால் அந்த வால்மூடியை மெதுவாகத் திருகிக் கழற்று. உள்ளே ஒரு சின்னத் தண்டு இருந்து, அழுத்தினால் உள்ளே போய் மீண்டு வந்தால், அது வேக்குமேட்டிக். 51-இல் 1941 முதல் 1948 வரை மை நிரப்பும் வழி அதுதான். வால்மூடி இல்லாமல், நடுவில் திருகினால் உடம்பு முழுவதும் கழன்று வந்து, உள்ளே உலோக உறைக்குள் ஒரு பை இருந்தால் அது ஏரோமெட்ரிக், 1948-க்குப் பிறகு வந்தது. உறையில் பார்க்கர் 51 என்ற பெயரும் மை நிரப்பும் முறையும் பொறித்திருக்கும். அதுதான் நான் நம்பும் சாட்சி, ஏனென்றால் அதை யாரும் மாற்றிப் பொருத்த மெனக்கெடுவதில்லை.

கறுப்புப் பேனாவை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் உடம்பில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்ற வரியும் பக்கத்தில் ஒரு இலக்கமும் தெரியலாம். அது வருஷத்தின் கடைசி இலக்கம். வேக்குமேட்டிக்கில் அதைச் சுற்றிப் புள்ளிகளும் இருக்கும்: மூன்று என்றால் முதல் காலாண்டு, இரண்டு என்றால் அடுத்தது, ஒன்று மூன்றாவது, புள்ளியே இல்லை என்றால் கடைசி. காலாண்டு முடிந்ததும் அச்சிலிருந்து ஒரு புள்ளியைச் சுரண்டி எடுத்தால் போதும், புது அச்சு வெட்ட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சிக்கனத்தைப் பார்த்தால் எனக்குத் தனி சந்தோஷம். 1 என்று மட்டும் இருந்தால் 1941-ஆ, 1951-ஆ என்று குழம்பாதே, உள்ளே தண்டா பையா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, அந்த நீலப் பேனா, பார்க்கர் 21 ஆக இருக்க வேண்டும். 1948-இல் வந்த மலிவுப் பதிப்பு. கூட்டின் விளிம்பில் மெல்லிய விரிசல் ஓடுகிறது பார், 21-இன் பிளாஸ்டிக் அப்படித்தான் விரியும், லூசைட் அவ்வளவு எளிதில் விரியாது. நிப்பின் நுனியையும் பார். 51-இல் பெரும்பாலும் 14 காரட் தங்கம், மஞ்சள் தெரியும். 21-இல் ஆக்டேனியம் என்ற எட்டு உலோகக் கலவை, வெள்ளையாக இருக்கும். ஆனால் வெள்ளை என்றதும் 21 என்று எழுதிவிடாதே, 1950-இல் வந்த 51 ஸ்பெஷலிலும் ஆக்டேனியம்தான். அங்கேயும் உறையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 21-ஐ ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விரியாத 21 கிடைத்தால் சுகமாக எழுதும், விலையும் கம்மி.

மூன்றாவது ஹீரோ 616, நாம் எல்லோரும் எழுதிய சீனப் பேனாதான். மூடி விளிம்பில் பெயரே இருக்கிறது, மச்சினனுக்குக் கண்ணில் படவில்லையோ என்னவோ. இந்த ஒரு இடத்தில் மூடியை நம்பலாம், நல்ல பேனாவுக்கு ஹீரோ மூடியைப் போட்டு ஊரை ஏமாற்ற யாரும் நினைக்க மாட்டார்கள். அதைப் பேத்தியிடம் கொடு. நிப் சொரசொரவென்று இழுக்கும், அதற்குள் கையெழுத்து திருந்தும்.

பெட்டியில் இன்னும் ஏதாவது இருந்தால் பார். கூட்டின் மேல் சின்ன அம்பு பதித்திருந்தால் அது பார்க்கர் 61, 1956-இல் வந்தது. ஆரம்பகால 61-க்கு அழுத்தவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், உடம்பைக் கழற்றி வால்முனையை மையில் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். அந்த அம்பு மட்டும் உதிர்ந்துபோகும் என்று சேகரிப்பவர்கள் எல்லோரும் புலம்புவார்கள்.

அப்புறம், கறுப்புப் பேனாவின் கூட்டை மட்டும் கழற்ற முயலாதே. உள்ளே அரக்குப் பூசி ஒட்டியிருப்பார்கள், பலமாகத் திருகினால் உடைந்துவிடும். வெந்நீரில் போடவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரை ஏற்றி இறக்கிக் கழுவிப் பார். வேக்குமேட்டிக்கில் தண்ணீர் ஏறவில்லை என்றால் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு போயிருக்கும், அதை மாற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஏரோமெட்ரிக் பை என்றால் பயமில்லை, இன்றும் பெரும்பாலானவை வேலை செய்கின்றன.

உறையின் எழுத்தையும் உடம்பின் இலக்கத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. விற்பதானால் அதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல், மச்சினன் சொல்லும் விலையைக் கேட்டு நான் பேரம் பேசியாக வேண்டும்.

அன்புடன்,
கோபாலன்