குழலிக்கும் யாழினிக்கும் ஒரு தங்கை

டோர்ட்மண்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். பாப்பாவுக்கு இன்றோடு 24 நாள். பால் நன்றாகக் குடிக்கிறாள். அம்மா அனுப்பிய வசம்பு வளையல் வந்து சேர்ந்தது, அன்றைக்கே கையில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துத் தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன். அசல் தபாலில் பின்னாலேயே வரும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு அந்தச் சம்மதம் போதாது. முழுக்கப் படியுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பாப்பாவின் பெயர் பற்றித்தான் எழுதுகிறேன். நம் ஊரில் பெயர் போடாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, ஒரு வருஷம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். இங்கே பிறந்த ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் ஒரு மாதம் அவகாசம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு அவர் அங்கே போகிறார்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தால் இங்கே மருத்துவச்சி வீடு தேடி வருகிறார். ஹெபாமெ என்று சொல்கிறார்கள். காதில் விழும்போது பாதி 'அம்மா' என்றுதான் கேட்கிறது. பத்து நாளும் தினமும் வந்தார், காசு எல்லாம் மருத்துவக் காப்பீட்டில் போய்விடுகிறது. பாப்பாவை ஒரு துணியில் கிடத்தி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். நம் சந்தையில் புளி நிறுப்பது போலவே இருக்கும். முதல் நாள் எனக்கு நெஞ்சு பதறியது. எடையைக் குறித்துக்கொண்டதும் "இன்றைக்காவது இவளுக்குப் பெயர் வந்துவிட்டதா?" என்று கேட்பார். குழந்தைகளின் பரிசோதனைக்கு என்று ஒரு மஞ்சள் புத்தகம் உண்டு. அதன் அட்டையில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, அப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டது போல இருக்கிறது.

நீங்கள் மகிழினி என்கிறீர்கள். பெரியவளுக்குக் குழலி என்று வைத்தவர் நீங்கள், சின்னவளுக்கு யாழினி என்று வைத்தவரும் நீங்கள். முப்பது வருஷம் கண்டக்டராக ஓடிய பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுதியிருந்த குறளைத் தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவர். நம் மதுரைப் பக்கம் பாதிப்பேர் 'வாளப்பளம்' என்பார்கள், நீங்கள் மட்டும் நிறுத்தித் திருத்துவீர்கள். அதனால் மூன்றாவது பேத்திக்கும் ழ வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. இரண்டு நாள் மகிழினி என்றே கூப்பிட்டும் பார்த்தோம். சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டால் உள்ளறையில் இருப்பவர்களுக்கு '...ழினி' என்ற வால்தான் கேட்கிறது. இரண்டு முறையும் யாழினி ஓடி வந்து "என்னம்மா?" என்று நின்றாள். பெயர் பாப்பாவுக்கு என்றதும் அவள் முகம் சுருங்கிப் போனது. தன் பெயரில் பாதியைத் தங்கை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துவிட்டாள்.

இன்னொன்று இருக்கிறது, இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. ழ-வுக்கு நாம் இசட், எச் என்று இரண்டு எழுத்துப் போடுகிறோம் இல்லையா? ஜெர்மன்காரர்கள் இசட்டை 'ட்ஸ்' என்றுதான் படிப்பார்கள். அவர்கள் மொழி அப்படி, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் குழலி பள்ளிக்கூடத்தில் 'குட்ஸாலி'. யாழினி கிண்டர்கார்டனில் 'யாட்ஸினி'. புது டீச்சர் வருகைப்பட்டியல் வாசிக்கும்போது, குழலிக்கு முன்னால் இருக்கும் பெயரிலேயே அந்த அம்மாவின் குரல் தயங்கத் தொடங்கிவிடுமாம். தன் பெயரை அவர் கடித்துத் துப்புவதற்குள் குழலி "யா" என்று கையைத் தூக்கிவிடுவாளாம். ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பா. இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

இங்கே இருக்கும் ஈழத்துக்காரர்கள் பலர் ழ-வுக்கு எல் போட்டுவிடுகிறார்கள். 'தமிழ்' என்ற சொல்லையே உலகம் முழுக்க எல் போட்டுத்தானே எழுதுகிறார்கள், அதுபோல. நாங்கள் ஆரம்பத்திலேயே அப்படி எழுதியிருக்கலாம். இப்போது இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டது. மூன்றாவது பிள்ளைக்கு மட்டும் வேறு மாதிரி எழுதினால் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ழ இரண்டு விதமாக இருக்கும்.

அத்தை ஜாதகக்காரரிடம் கேட்டுவிட்டு, ரோகிணிக்கு 'வ' வர வேண்டும், வானதி என்று வையுங்கள் என்கிறார்கள். எனக்கும் பிடித்த பெயர்தான். ஆனால் இந்த ஊரில் வி என்ற எழுத்தைப் பெரும்பாலும் 'ஃப' என்றுதான் படிப்பார்கள், வானதி 'ஃபானதி' ஆகிவிடுவாள். டபிள்யூ போட்டால் இங்கே சரியாக வரும், நம் ஊரில் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். அத்தை மனசு வருத்தப்படக் கூடாது என்பதால், நட்சத்திரப் பெயரைக் கோயிலில் காதில் சொல்லிவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே நம் ஊர்க் கோபுரம் அப்படியே நிற்கும். 40 நாள் கழிந்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறோம்.

எழில் என்ற பெயரையும் யோசித்தோம். அங்கேயும் அதே இசட் வந்து நின்றது. ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரைப் பதிவு செய்வார்களா என்று அவர் தேடிப் பார்த்தார். முன்பு மறுத்திருக்கிறார்களாம். ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பம் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைக்க விரும்பி வழக்குப் போட்டிருக்கிறது. கார்ல்ஸ்ரூஹவில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் 2008-ல் அந்தப் பெயரை வைக்கலாம் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டுப் பெயர் ஒன்றால் இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வழி திறந்திருக்கிறது என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் நான் ழ-வே வேண்டாம் என்று முடிவு செய்தேன். உடனே எதிர்த்தவள் யார் தெரியுமா? குழலி. "எனக்கு இருக்கு, யாழுக்கு இருக்கு. பாப்பாவுக்கு மட்டும் ஏன் இல்ல? அவ மட்டும் வேற வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பா" என்று அழுதாள். பள்ளிக்கூடத்தில் உன்னைத் தப்பாகக் கூப்பிடுகிறார்களே என்றேன். "சனிக்கிழமை தமிழ் கிளாஸ்ல சரியாத்தானே கூப்பிடுறாங்க" என்றாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் பெயர் அவளுக்கு முழுசாகக் கிடைக்கிறது. அதை அவள் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

யாழினி பிறந்தபோது நீங்கள் ஒரு தாளில் எழுதி அனுப்பினீர்களே, "குழல் இனிது யாழ் இனிது" என்று, அது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இருக்கிறது. மஞ்சள் கறை பட்டு, ஓரம் சுருண்டுவிட்டது. நேற்றுக் காலை பால் எடுக்கப் போன குழலி அங்கேயே நின்று, எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, இதுல 'இனிது' ரெண்டு தடவ வருது. என் பேருக்குப் பக்கத்துல ஒண்ணு, யாழ் பேருக்குப் பக்கத்துல ஒண்ணு." விரலை முதல் 'இனிது' மேல் வைத்தாள், பிறகு இரண்டாவது மேல். அந்தத் தாளை ஆறு வருஷமாகப் பார்க்கிறேன் அப்பா, எனக்குத் தோன்றவே இல்லை.

இனியா. இதுதான் பெயர்.

இங்கிலீஷில் எழுதினாலும் ஜெர்மனில் படித்தாலும் இனியாதான். இன்று மருத்துவச்சிக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். "இனியா" என்று பேசிப் பதில் அனுப்பியிருக்கிறார், ஒரு எழுத்து பிசகவில்லை. யாழினியும் தன் பெயரின் கடைசியில் 'இனி' இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, "பாப்பா என் பேருக்குள்ளயே இருக்கா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மகிழினிக்குச் சுருங்கிய அதே முகம்தான்.

அப்பா, உங்கள் ழ-வை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு பேரையும் நீங்கள் எந்தக் குறளில் இருந்து எடுத்தீர்களோ அதே வரியிலிருந்துதான் இவளும் வருகிறாள். குழலுக்குப் பக்கத்திலும் யாழுக்குப் பக்கத்திலும் நிற்கிறாள். அக்காக்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பிள்ளை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கிளம்புவதற்கு முன்னால் வீடியோவில் வாருங்கள். உங்களுக்கு அப்போது பதினொன்றரை மணி இருக்கும். குழலி போனைப் பாப்பாவின் காதருகில் பிடித்துக்கொள்வாள். முதல் முறை நீங்கள்தான் கூப்பிட வேண்டும், மூன்று தடவை. அதற்கு அப்புறம்தான் அவர் அலுவலகத்துக்குக் கிளம்புவார்.

ஒரு வேலையும் இருக்கிறது. பழைய தாளின் ஓரம் கிழியத் தொடங்கிவிட்டது. அதே குறளை உங்கள் கையாலேயே கெட்டி அட்டையில் மறுபடி எழுதி அனுப்புங்கள். இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தாக, பிள்ளைகள் எட்டிப் பார்த்து வாசிக்கிற உயரத்தில் ஒட்டப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்