ஸ்பானிஷ் வகுப்பில் பேச விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்த என் மகள் இப்போது இடைநிலை ஸ்பானிஷ் வகுப்புக்கு வந்திருக்கிறாள். முதல் வருஷம் எண்கள், நிறங்கள் என்று ஜாலியாகப் போனது, இப்போதுதான் தலைவலி. எளிய இறந்தகாலமே இரண்டு விதம். 'சபீயா' என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, அதே வினைச்சொல்லை 'சூபே' என்றால் அப்போதுதான் தெரியவந்தது. அழகான வித்தியாசம்! ஆனால் அதை அட்டவணையாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே தவிர, நேற்று என்ன நடந்தது என்று நாலு வரி பேச விடுவதில்லை.

சரி, இலக்கணம்தான் அப்படி என்றால் பண்பாடு இன்னும் மோசம். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை வீட்டுக்கு வரவேற்கும் பண்டிகைக்கு மண்டையோட்டுப் படத்தில் வண்ணம் தீட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நண்பனை 'நீ' என்று அழைக்க அர்ஜென்டினாவில் 'வோஸ்' என்பார்கள், ஸ்பெயினில் 'தூ', மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தேத்', அப்புறம் கொலம்பியாவில் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' புழங்கும். நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும், யாராவது சொல்லிக் கொடுத்தால்.

பாடத்திட்டம் வகுப்பவர்கள் பாதி மதிப்பெண்ணையாவது பேச்சுக்கு ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்