அலையில்லாத நீரிலும் இழுப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் தீவு விடுதிகள் வரிசைகட்டி வருகின்றன. அறை, நீச்சல்குளம், அந்திச் சூரியன் எல்லாம் இருக்கும். கடலில் எப்படி இறங்குவது என்பது மட்டும் இருக்காது. அவ்வளவு தூரம் போகிறவர் இறங்கப்போவது அந்தக் கடலில்தானே?

படத்தில் தெரியும் வெளிர்பச்சை நீர் குளம்போலக் கிடக்கும். பவளத்திட்டு வேலியாக நின்று அலையை உடைத்துவிடுவதால் வந்த அமைதி அது. ஆனால் திட்டின் மேலேறி உள்ளே விழும் தண்ணீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். திட்டில் இடைவெளி எங்கே இருக்கிறதோ அந்த வாய் வழியாகத்தான் போகும். கடல் வற்றத் தொடங்கினால் உள்ளே தேங்கிய நீர் முழுக்க அந்த வாயை நோக்கி ஓடும். மேலே அலை இராது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. வெளிர்பச்சைக்கு நடுவே கருநீலப் பட்டை ஒன்று வெளிக்கடலை நோக்கிப் போனால் வாய் அங்கேதான் என்று வைத்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு இன்னும் கூடும்.

விடுதி வரவேற்பறையில் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்: வாய் எந்தப் பக்கம், இன்று வற்றம் எத்தனை மணிக்கு? நேற்று கேட்ட நேரம் இன்றைக்கு உதவாது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

தெம்பு இருக்கும்போதே நீரோட்டத்தை எதிர்த்துப் போய்விட வேண்டும். களைத்துத் திரும்பும்போது ஓட்டமே கொண்டுவந்து விடும். பலர் செய்வது தலைகீழ். மீனைப் பார்த்தபடி ஓட்டத்தோடு மிதந்து போவார்கள், தலையைத் தூக்கினால் கரை எங்கோ இருக்கும். இழுப்பில் சிக்கியபின் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் சீக்கிரமே மூச்சு வாங்கி ஓய்ந்துபோவோம். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி ஆட்டி உதவி கேட்டு, இழுப்பு தளர்ந்ததும் பக்கவாட்டில் விலக வேண்டும்.

நீர்மேல் மிதந்தபடி மூச்சுக்குழாயோடு கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கெலுக்கான மாஸ்க்கை வாடகைக்கு எடுக்கும்போது பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டி நின்றால் பொருந்துகிறது. தண்ணீர் கசிந்தால் உடனே பட்டையை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு கோணிக்கொண்டு இன்னும் கசியும். விளிம்புக்கடியில் மாட்டிய முடியோ மீசையோதான் பெரும்பாலும் காரணம். கண்ணாடி பனிக்காமல் இருக்க உட்புறம் எச்சிலைத் தேய்த்துக் கடல்நீரில் லேசாக அலசினால் போதும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வசதியாகத் தோன்றும், ஆனால் பதற்றத்தில் சட்டென்று கழற்ற வராது. நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வதில் வெட்கம் இல்லை.

களைத்தால் பவளத்தின் மேல் கால் ஊன்றி நிற்கக் கூடாது. பவளம் உடையும், காலும் கிழியும். அந்தக் கீறல் எளிதில் சீழ் பிடிக்கும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் மேற்கிலும் கல்லைப் போலவே கிடக்கும் கல்மீன் வேறு உண்டு. அதன் முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான, சுமார் 45 டிகிரி செல்சியஸ் நீரில் காலை வைத்தபடி மருத்துவரிடம் சொல்லியனுப்ப வேண்டும். ஐஸ் வைக்காதீர்கள்.

முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வெயிலில் வெந்துபோகும் இடங்கள். சன்ஸ்கிரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன்களை பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் தடைசெய்திருப்பதால், வாங்குமுன் டப்பாவின் பின்புறத்தைப் படிப்பது நல்லது.

பருவத்தையும் தீவின் பெயரோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தாய்லாந்து என்று பொதுவாகச் சொன்னால் போதாது: புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், மறுகடலில் இருக்கும் சாமுயியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை.

கடைசி நாள் காலையில் காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபா, மாலையில் விமானம் என்று திட்டம் போடுகிறவர்களும் உண்டு. ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறுமுன் உயரே போனால் அது குமிழாகி மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். டைவிங்கைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துக்கொண்டு கடைசி நாளை ஸ்நார்க்கெலுக்கு விட்டுவிடலாம். மேற்பரப்பில் மிதப்பவருக்கு இந்தக் கணக்கு கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்